திருச்சியில் ஜிம் தேடுகிறேன். சேர்ந்த பிறகு முன்னேற்றத்தை எப்படிக் கணக்கு வைப்பது?

உறையூர்க்காரி · ஜனவரி 6, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வயது 43, எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். எலும்பு அடர்த்தி பார்க்கப் போன மாதம் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.6 என்று வந்தது. டாக்டர் கால்சியம் எழுதிக் கொடுத்துவிட்டு, "நடந்தால் மட்டும் பத்தாதும்மா, வெயிட் தூக்குங்க" என்றார். நான் இதுவரை தூக்கிய பெரிய வெயிட், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுதான்.

இந்த வாரம் மூன்று ஜிம் பார்த்தேன். ஒன்று தில்லைநகரில். ஏசி, கண்ணாடிச் சுவர், ட்ரெட்மில் மட்டும் 12. ஆண்டுக் கட்டணமாகத்தான் வாங்குவார்களாம், பொங்கல் வரை தள்ளுபடி. இன்னொன்று புத்தூர் நால்ரோடு பக்கம், மாடியில். மாதம் 1000, ஆனால் பெண்களுக்குக் காலை 11 முதல் மாலை 4 வரைதான். வேலைக்குப் போகிற பெண் யாரும் இந்த ஊரில் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து 7 நிமிட நடை. பழைய தகரக் கொட்டகை, ஃபேன்தான். காலை 5.30க்கே திறந்துவிடுகிறார்கள், ஆண் பெண் எல்லாரும் ஒன்றாகத்தான். எதைப் பார்த்துச் சேர்வது?

ஷிப்டு ராஜா · ஜனவரி 6, இரவு 11.58

7 நிமிட நடை என்று எழுதிவிட்டீர்கள், அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? நான் சென்னையில் வேளச்சேரியில் இருந்துகொண்டு, ஆபீஸ் பக்கத்தில் என்று ஓ.எம்.ஆரில் ஒரு ஜிம்மில் ஒரு வருடத்துக்குச் சேர்ந்தேன். 14,000 ரூபாய். மொத்தம் 19 நாள் போனேன். அதற்குள் எனக்கு நைட் ஷிப்டு மாறியது, ஆபீஸ் வேறு கட்டடத்துக்குப் போனது. பணத்தில் பாதியாவது திருப்பிக் கேட்டால், "வேணும்னா உங்க ஃப்ரெண்டுக்கு மாத்தித் தர்றோம் சார்" என்றார்கள். ஃப்ரெண்டும் போகவில்லை. மாதக் கட்டணம் வாங்காத ஜிம் என்றால், இரண்டாவது மாதம் நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவர்களுக்கே தெரியும் என்று அர்த்தம்.

பழைய இரும்பு · ஜனவரி 7, காலை 5.10

தம்பி சொன்னது பாதி. பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ட்ரெட்மில்லை எண்ணாதீர்கள் மேடம், ரேக்கை எண்ணுங்கள். ஸ்குவாட் ரேக், அதாவது ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதற்கான இரும்புச் சட்டம், ஒன்றாவது இருக்கிறதா, அதில் குறுக்கே பாதுகாப்புக் கம்பி இருக்கிறதா, தூக்க முடியாமல் போனால் ராடை அதன்மேல் இறக்கிவிட்டு வெளியே வர முடியுமா. அடுத்து, ராடில் மாட்டுகிற பிளேட் அடுக்கைப் பாருங்கள். எல்லாரும் 20 கிலோ பிளேட் எத்தனை என்று பார்ப்பார்கள். நீங்கள் சின்னதைத் தேடுங்கள். 1.25 கிலோ ஒரு ஜோடி இல்லாத ஜிம்மில் உங்களுக்கு வேலை இல்லை. நான் 100 கிலோவில் 2.5 ஏற்றினால் அது இரண்டரை சதவீதம். நீங்கள் 20 கிலோவில் அதே 2.5 ஏற்றினால் பன்னிரண்டரை சதவீதம். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களைப் போல் புதிதாகத் தொடங்குகிறவருக்குத்தான் சின்ன பிளேட் அதிகம் தேவை, ஆனால் எந்த முதலாளியும் முதலில் வாங்காமல் விடுவதும் அதைத்தான்.

எந்த நேரத்துக்குப் போகப்போகிறீர்களோ அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். மத்தியானம் காலியாக இருக்கும் ஜிம்மைப் பார்த்து மயங்காதீர்கள். அதே இடத்தில் சாயங்காலம் 7 மணிக்கு ரேக்குக்குள் நின்று நாலு பையன்கள் பைசெப்ஸ் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

சும்மா வந்தேன் · ஜனவரி 7, காலை 8.22

மாநகராட்சிப் பூங்காவில் ஜிம் வைத்திருக்கிறார்களே, காசே இல்லையே. எங்கள் தெரு மாமாக்கள் எல்லாரும் அதில்தான் அரசியல் பேசிக்கொண்டே முன்னும் பின்னும் ஆடுகிறார்கள்.

மலர் (பிசியோ) · ஜனவரி 7, பிற்பகல் 2.05

சும்மா வந்தேன் சார், உடம்பை அசைக்க அது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கருவிகள் பெரும்பாலும் நம் உடல் எடையை வைத்தே இயங்குபவை, அடுத்த வாரம் எடையைக் கூட்ட வழியில்லை. உறையூர் மேடத்துக்குத் தேவை அதுதான்: கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிற பாரம்.

மேடம், டி-ஸ்கோர் மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் இருந்தால் எலும்பு அடர்த்திக் குறைவு என்போம். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால்தான் எலும்புப்புரை. நீங்கள் தொடங்க நல்ல நேரம். வாரத்தில் 2 நாள், முடிந்தால் 3 நாள். உடம்பின் எல்லாப் பெரிய தசைகளும் வேலை செய்யவேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எலும்பு மெதுவான ஆள். ஆறு மாதத்தில் ஸ்கேனில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதுவரை உங்களுக்குக் கண்ணில் தெரியப்போகிற ஒரே சான்று நோட்டில் எழுதிய எடைதான். அதனால்தான் நோட்டு முக்கியம்.

உறையூர்க்காரி · ஜனவரி 14, இரவு 8.15

கொட்டகையிலேயே சேர்ந்துவிட்டேன், மாதம் 800. ரேக் ஒன்றே ஒன்று, 1.25 பிளேட் ஒரு ஜோடி உண்டு (ஒன்றில் துரு). டிரெய்னர் நல்ல பையன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஆறு நாளைக்கு ஒரு சார்ட் கொடுத்தான். "தம்பி, எனக்கு வாரத்துக்கு மூணு நாள்தான்" என்றேன். கொஞ்ச நேரம் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனே பேனாவை எடுத்து, மூன்று நாளும் முழு உடம்பு என்று மாற்றி எழுதினான்.

இன்று செய்தது: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஸ்குவாட், 5 கிலோ, 10 தடவை, 3 செட். ராடை மட்டும் தலைக்கு மேல் தூக்கினேன், 5 தடவை. 20 கிலோ ராடாம்! எனக்கே நம்ப முடியவில்லை.

நோட்டில் என்னவெல்லாம் எழுதவேண்டும்?

கணக்குப்பிள்ளை · ஜனவரி 14, இரவு 8.51

நோட்டெல்லாம் எதற்கு மேடம்? என்னிடம் எக்செல் ஷீட் இருக்கிறது, 23 காலம் (நெடுவரிசை). எடை, ரெப்ஸ் (எத்தனை தடவை), செட், தூக்கிய மொத்தக் கிலோ, தூங்கிய மணி, புரதம், உடல் எடை, இடுப்பளவு, எல்லாம் தானாகக் கிராஃப் போடும். அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்பதையும் அதுவே சொல்லிவிடும். எப்லே சூத்திரம்: தூக்கிய எடை × (1 + ரெப்ஸ் ÷ 30). 40 கிலோவை 6 தடவை தூக்கினால் 48. அதாவது, ஒரே ஒரு தடவை என்றால் ஏறக்குறைய 48 தூக்கலாம்.

பழைய இரும்பு · ஜனவரி 15, காலை 5.02

23 காலத்தையும் நிரப்பிவிட்டு எப்போது தூக்குவீர்கள் பிள்ளை? நான் 1993லிருந்து 40 பக்க நோட்டில்தான் எழுதுகிறேன். தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை. தீர்ந்தது. வியர்வைக் கையால் போனைத் தடவிக்கொண்டு நிற்கிறவர்களை நானும் பார்க்கிறேன். எடையை எழுதப் போனவர் ரீல்ஸில் இறங்கிவிடுகிறார், செட்டுக்கு நடுவில் எட்டு நிமிஷம் போய்விடுகிறது.

மேடம், ஒரு சந்தேகம். அந்த ராடு 20 கிலோதானா? முதல் நாளே தலைக்கு மேல் 20 என்றால் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

உறையூர்க்காரி · ஜனவரி 15, இரவு 9.30

டிரெய்னர் 20 என்றுதான் சொன்னான் சார். சின்ன வயதில் கிணற்றில் தண்ணீர் இறைத்த தோள், அதனாலோ என்னவோ!

மலர் (பிசியோ) · ஜனவரி 15, இரவு 10.12

நாலு காலத்தோடு ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். செட் முடியும்போது இன்னும் எத்தனை தடவை தூக்கியிருக்க முடியும் என்ற ஊகம். "8, பாக்கி 3" என்று எழுதினாலே போதும். போன வாரம் 8, பாக்கி 1. இந்த வாரமும் அதே எடையில் 8, ஆனால் பாக்கி 3. எண் மாறவில்லை, ஆனால் நீங்கள் பலமாகியிருக்கிறீர்கள். இந்தக் காலம் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தூக்கம் சரியில்லை, மாதவிடாய் நாள், முட்டியில் வலி என்று எதுவும் இருந்தால் ஓரத்தில் இரண்டு சொல். முட்டி நோவு என்பதை மட்டும் தசை அசதியோடு சேர்த்து எழுதாதீர்கள், இரண்டும் வேறு.

எடை எப்போது ஏற்றுவது என்று அடுத்து கேட்பீர்கள். 8லிருந்து 10 தடவை என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று செட்டிலும் 10 வந்த அன்று, அடுத்த முறைக்கு 2.5 கிலோ ஏற்றுங்கள். ஏற்றினதும் 8க்கு இறங்கிவிடும், மறுபடி 10க்கு ஏறுங்கள். இது புதிய யுக்தியெல்லாம் இல்லை. 1940களில் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், முட்டி அடிபட்டு வந்த படைவீரர்களுக்கு, பத்து தடவை தூக்க முடிகிற எடையை அளவுகோலாக வைத்துத்தான் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

உறையூர்க்காரி · மார்ச் 9, இரவு 8.40

இரண்டு மாத அறிக்கை. ஸ்குவாட் 30 கிலோ, 8, பாக்கி 2. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது) 45, 8, பாக்கி 2. தலைக்கு மேல் தூக்குவது மட்டும் 22.5லேயே நிற்கிறது.

நேற்று காஸ் சிலிண்டர் வந்தது. வழக்கமாக என் பையன்தான் வாசலிலிருந்து உருட்டிக்கொண்டு வருவான். அவன் டியூஷன் போயிருந்தான். முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கி, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துத் தூக்கினேன். சமையலறை வரை கீழே வைக்காமல் கொண்டுபோனேன். காலி எடை 15.9 என்று போட்டிருந்தது, உள்ளே 14.2. ஆக 30.1. மாமியார் பயந்துவிட்டார்.

ஷிப்டு ராஜா · மார்ச் 9, இரவு 11.40

சிலிண்டரை டெட்லிஃப்ட் செய்த முதல் டீச்சர்! கொட்டகையில் ஒரு போட்டோ மாட்டச் சொல்லுங்கள் அக்கா.

உறையூர்க்காரி · ஏப்ரல் 20, காலை 7.25

மனசு சரியில்லை. கொட்டகையில் காலையில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு ரேக்குக்கு நாலு பேர் காத்திருந்தால் நான் எப்போது பள்ளிக்குப் போவது? நாச்சியார் கோயில் பக்கம் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள், மூன்று ரேக், மாதம் 1200. இன்று முதல் நாள். கொட்டகையில் கடைசியாக ஸ்குவாட் 35 கிலோ, 8 தடவை, பாக்கி 0. இங்கே 30 வைத்தேன், இறங்கினேன், ஏற முடியவில்லை. பாதுகாப்புக் கம்பியில் இறக்கிவிட்டு வெளியே வந்தேன் (நன்றி, பழைய இரும்பு சார்). 25 வைத்துத்தான் 7 வந்தது, பாக்கி 0. ஒரே வாரத்தில் 10 கிலோ பலம் எங்கே போகும்? தைராய்டு பார்க்கவேண்டுமா?

பழைய இரும்பு · ஏப்ரல் 20, காலை 7.41

தைராய்டைப் பார்ப்பதற்கு முன்னால் ராடைப் பாருங்கள் மேடம். புது ஜிம் ராடில் பிளேட் மாட்டுகிற முனை கைப்பிடியைவிடத் தடிமனா, உங்கள் மணிக்கட்டு அளவுக்கு? பழைய ஜிம் ராடு முனையிலிருந்து முனை வரை ஒரே தடிமனா?

உறையூர்க்காரி · ஏப்ரல் 20, மாலை 6.10

ஆமாம் சார். புதியது முனையில் தடிமன், தனியாகச் சுழலவும் செய்கிறது. கொட்டகை ராடு ஒரே தடிமன், குட்டையாகவும் இருக்கும்.

பழைய இரும்பு · ஏப்ரல் 20, மாலை 6.33

அப்படியென்றால் விஷயம் முடிந்தது. முனை 50 மில்லிமீட்டர், 2.2 மீட்டர் நீளம் என்றால் அது ஒலிம்பிக் ராடு, 20 கிலோ. பெண்கள் போட்டிக்கான ராடு 15 கிலோ, கைப்பிடியும் மெல்லியது, 25 மில்லிமீட்டர். நம் ஊர் ஜிம்மில் அதைப் பார்ப்பது அபூர்வம். கொட்டகையில் இருப்பது விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் ஐந்தடி ராடு. அது பத்துக்குள்தான் இருக்கும். அந்தப் பையனும் பொய் சொல்லவில்லை, அவனுக்கு யாரோ "ராடு இருபது" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அவன் உங்களுக்குச் சொல்லிவிட்டான். நிறுத்துப் பாருங்கள்.

உறையூர்க்காரி · ஏப்ரல் 22, காலை 8.02

நிறுத்தேன்.

கொட்டகையில் மாசக் கடைசி வரை கட்டணம் கட்டியிருக்கிறேன், அதனால் உரிமையோடு போனேன். வீட்டு எடைமேடையை மீன் பையில் போட்டுப் பையன் தூக்கிக்கொண்டு வந்தான். காலை 5.35. சிமெண்ட் தரையில் சமமான இடம் தேடி வைத்தோம். முதலில் நான் மட்டும் ஏறினேன்: 64.2. பையன் ராடை எடுத்து என் இரண்டு கையிலும் கிடத்தினான், குழந்தையை வாங்குகிற மாதிரி. 73.4. இறங்கினேன், ஏறினேன், மறுபடியும் 73.4. ராடு 9.2 கிலோ.

பெஞ்சில் படுத்திருந்த பையன் ஒருவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அப்படியே புது ஜிம்முக்குப் போனோம். 84.2. ராடு 20.0.

மூன்று மாதமாக ராடு வைத்து நான் எழுதிய ஒவ்வொரு எண்ணிலும் 10.8 கூடுதல். பிள்ளைகளுக்கு "மாறிலியின் மதிப்பை முதலில் சரிபார்" என்று 18 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 22, காலை 8.20

மேடம், சந்தோஷப்படுங்கள், எப்லே போட்டுப் பார்த்தேன். கொட்டகையில் 35 என்றது உண்மையில் 24.2. 8 தடவை. அதிகபட்சம் 30.7. புது ஜிம்மில் 25 கிலோ, 7 தடவை. அதிகபட்சம் 30.8. ஒரு கிராம்கூட இழக்கவில்லை. முதல் நாள் தலைக்கு மேல் தூக்கிய 20ஐ மட்டும் 9.2 என்று திருத்திக்கொள்ளுங்கள். கிணற்றுத் தோள் கதை ரத்து.

என் ஷீட்டில் இன்று 24ஆவது காலம் சேர்த்துவிட்டேன்: எந்த ராடு.

மலர் (பிசியோ) · ஏப்ரல் 22, காலை 10.45

மெஷினுக்கும் இதே கதைதான் மேடம், சொல்லப்போனால் இன்னும் மோசம். கேபிள் இழுக்கிற மெஷினில் 30 என்று எழுதியிருந்தாலும், உள்ளே கப்பி எத்தனை, எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கைக்கு வருவது 15 ஆகவும் இருக்கலாம். அங்கே எடைமேடை உதவாது. மெஷின் எண்ணை அந்த ஒரு மெஷினோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஜிம் மாறினால் புதுப் பக்கம், புதுக் கணக்கு.

பழைய இரும்பு · ஏப்ரல் 22, இரவு 9.15

எங்கள் வேலூர்ப் பையனை வைத்துச் சொல்கிறேன். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில், ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 149, தோளில் நிறுத்தித் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் மொத்தம் 317, அப்போதும் தங்கம். இரண்டு கண்டம், நாலு வருட இடைவெளி. இருந்தும் 11 கிலோ குறைந்தது என்று நாம் அடித்துச் சொல்லலாம். போட்டியில் ராடும் பிளேட்டும் எடை சரிபார்த்தவை. தெருமுனை ஜிம்மில் 35க்கும் 25க்கும் நடுவில் அப்படி எதுவும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள், குறைந்த எண்ணுக்கும் தங்கம்தான் கிடைத்தது. உங்கள் கிராஃப் ஒரு மாதம் இறங்கினால் எனக்கு எழுதாதீர்கள்.

சும்மா வந்தேன் · ஏப்ரல் 22, இரவு 9.50

எங்கள் தாத்தா ஊரில் இளவட்டக்கல் கிடக்கிறது. எத்தனை கிலோ என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அப்பாவும் மகனும் தூக்கியது அதே கல். ராடு மாற்றி ஏமாற்ற முடியாது.

பழைய இரும்பு · ஏப்ரல் 22, இரவு 9.58

இந்த இழையில் நீங்கள் எழுதிய முதல் உருப்படியான பதிவு.

உறையூர்க்காரி · ஜூன் 17, இரவு 8.30

கோடை விடுமுறையில் 12 நாள் ஊருக்குப் போனதில் ஒன்றும் செய்யவில்லை, திரும்பி வந்து ஒரு வாரம் இறங்கித்தான் இருந்தது. இப்போது ஸ்குவாட் 30, 8, பாக்கி 1. அன்று ஏற முடியாமல் கம்பியில் இறக்கிய அதே 30. தலைக்கு மேல் தூக்குவதற்கு 20 கிலோ ராடு இன்னும் அதிகம்தான், டம்பெல்லில் 6 கிலோ ஒரு கைக்கு. அரை கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தக் காசில் வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்காரர் நேற்று மார்க்கெட்டில் பார்த்தார். நான் போன மறுநாளே பக்கத்து அரிசி மண்டித் தராசில் எல்லா ராடையும் நிறுத்துவிட்டாராம். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ராடு, ஒன்று 9.2, இன்னொன்று 10.4. எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். "டீச்சர், நல்ல காரியம்தான், ஆனா என் ஜிம்ல பெஞ்ச்ல படுத்து நூறு கிலோ தூக்குற பசங்க நாலு பேர் இருந்தாங்க, இப்ப ஒருத்தனும் இல்ல" என்றார். அதில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை.

சும்மா வந்தேன் · ஜூன் 17, இரவு 9.04

என் பெஞ்ச் பிரஸ் 60. எங்கள் ஜிம் ராடும் முனை வரை ஒரே தடிமன்தான், இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். நிறுப்பதாக இல்லை.